சுங்கச் சாவடி வாசலில் நீலக் கூடாரம்

“இன்னாடா இது?” என்று கழியால் மூட்டையைக் குத்திக் கேட்டார் ரங்கசாமி.

“கூடாரம்.”

“கூடாரம்னா நிக்கணும். இது மூட்டையாக் கெடக்குது. துணி. அதுவும் புதுத் துணி. தீர்வையக் கட்டிட்டுப் போ.”

வில்லியனூரிலிருந்து தெற்கே போகும் சாலையில் ஓரிடத்தில் ஒரு கல் நட்டிருக்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு பூமி, அந்தப் பக்கம் இங்கிலீஷ் பூமி. அந்தப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில், ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் எந்நேரமும் ரங்கசாமி. இங்கிலீஷ் சர்க்காரின் சுங்கச் சாவடி என்பது மொத்தமும் இவ்வளவுதான்.

நாங்கள் ஒன்பது பையன்கள். எல்லோருக்கும் அரை நிஜார், தோளில் மூங்கில் கழி, முதுகில் மூட்டை. எங்கள் கூட்டத்துக்குக் ‘காடுமேடு சங்கம்’ என்று பெயர். பள்ளிக்கூட விடுமுறையில் மணப்பட்டுக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் ஐந்து நாள் முகாம் போடக் கிளம்பியிருந்தோம். மணப்பட்டும் பிரெஞ்சு பூமிதான். ஆனால் நடுவில் இங்கிலீஷ்காரன் துண்டு ஒன்று கிடக்கிறது. பிரெஞ்சிலிருந்து பிரெஞ்சுக்குப் போக இங்கிலீஷ்காரனிடம் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் தலைவன் லூயி. வயது பத்தொன்பது. பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்டவன். அதைப் பற்றிக் கொஞ்சமும் வெட்கப்படாதவன். தீர்வை கட்டுகிற அளவுக்கு எங்களிடம் எதுவும் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். நிதானமாகக் கேட்டான்:

“பழைய சாமானா இருந்தா?”

“ஒபயோகப்பட்ட சாமானுக்குத் தீர்வை இல்ல. அது சட்டம்.”

“எத்தினி நாள் ஒபயோகப்படுத்தினா பழசு?”

ரங்கசாமி கழியால் தலையைச் சொறிந்தார். சட்டத்தில் அது எழுதியிருக்கவில்லை போலும். “பாத்தா பழசாத் தெரியணும்” என்று சொல்லி வைத்தார்.

லூயி எங்கள் பக்கம் திரும்பினான். “மார்ஷ்! நடங்கடா! கல்லுக்கு நம்ம பக்கமா பத்தடி தள்ளி. கூடாரத்த அடிங்கடா. பழசாவற வரைக்கும் இங்கதான் முகாம்.”

பையன்கள் கூச்சலிட்டுக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார்கள். ரங்கசாமி கல் வரைக்கும் ஓடிவந்து நின்றார். அதற்கு மேல் அவர் அதிகாரம் செல்லாது. “பாக்கறேன்டா, எத்தினி நாளு தாங்கறீங்கன்னு பாக்கறேன்” என்று அங்கிருந்தே கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். ஆனால் மனசுக்குள் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் நைனா பண்டசோழநல்லூரிலிருந்து பத்திரம் பதிகிற நொத்தேரைப் பார்க்க வில்லியனூர் வருகிறார். நிலப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துப் போட. அவர் வண்டி இந்தச் சாலையில்தான் வரும். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சமைக்க வேண்டிய முறை மாணிக்கத்தினுடையது.

மாணிக்கம் சேரிப் பையன்.

நாலு அடுப்பு

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் நாளை எண்ணினேன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது.

எங்கள் முதல் முகாம் ஊசுட்டேரிக் கரையில். அப்போது கூடாரம் கிடையாது, கோணியைப் பிரித்துத் தைத்து மேலே கட்டினோம். ஏரிக்கு எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்குகிற பருவம். அதைப் பார்க்கத்தான் போனோம். பார்த்தோமா? எங்கே! காலையிலிருந்து சாயங்காலம் வரை சுள்ளிதான் பொறுக்கினோம்.

காரணம், ஒன்பது பேருக்கு நாலு அடுப்பு. பண்ணை வீட்டுப் பையன்கள் நாங்கள் மூன்று பேர் ஓர் அடுப்பு. லூயியையும் சேர்த்து, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பையன்கள் மூன்று பேர் இன்னோர் அடுப்பு. கடை வைத்திருந்த செட்டியார் வீட்டுப் பையன்கள் இரண்டு பேருக்கு ஒன்று. மாணிக்கத்துக்குத் தனியாக, புகை எங்கள் பக்கம் வராதபடி எட்டத்தில் ஒன்று. யாரும் இப்படி ஏற்பாடு செய்யவில்லை. யாரும் எதுவும் பேசாமலே தானாக அப்படி அமைந்துவிட்டது. அதுதான் அதில் கேவலம்.

மறுநாள் காலையில் லூயி நான்கு அடுப்பையும் காலால் எத்திவிட்டான். “நாலு அடுப்பு வைக்கறதுக்கு ஊரு போதாதாடா? இதுக்கு ஏரிக்கரைக்கு வரணுமா? இனிமே ஒரு அடுப்பு, ஒரு பானை. ஆளுக்கு ஒரு நாள் முறை. எவன் முறையோ அவன் வடிச்சத எல்லாரும் திங்கணும். புடிக்காதவன் இப்பவே மூட்டையக் கட்டு.”

யாரும் மூட்டை கட்டவில்லை. ஏதோ பெரிய கொள்கைப் பிடிப்பு என்று நினைக்காதீர்கள். சுள்ளி பொறுக்கி அலுத்துப் போயிருந்தோம். அப்புறம் தின்னத் தின்னப் பழகிவிட்டது. வீட்டில் மட்டும் எவனும் மூச்சுவிடவில்லை. நான் வில்லியனூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். பையன் டிரில் பண்ணுகிறான், உடம்புக்கு நல்லது என்கிற அளவில்தான் நைனாவுக்குத் தெரியும். ஒரே பானை விஷயம் அவர் காதுக்குப் போனால் சங்கமும் போச்சு, என் படிப்பும் போச்சு. வீட்டுக்குள் கால் வைக்க முடியுமா என்பதே சந்தேகம்.

மாணிக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுடைய அப்பா புதுச்சேரியில் மில்லில் வேலை பார்த்தார். அதனால் எந்தப் பண்ணைக்காரருக்கும் பயப்படத் தேவையில்லாத வீடு அது. கூடாரத்துக்கான முரட்டு நீலத் துணி அவர் மூலமாகத்தான் கிடைத்தது, நெசவில் பழுது என்று மில்லில் ஒதுக்கிய துணி. அதை லூயி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்தோம். மழை இறங்காமலிருக்கத் தையல் நெடுக மாதா கோயில் மெழுகுவர்த்தித் துண்டுகளைத் தேய்த்தோம். முடிச்சுப் போடுவதிலும் முளை அடிப்பதிலும் மாணிக்கத்தை மிஞ்ச ஆள் கிடையாது. புயலே வந்தாலும் அவன் கட்டிய கயிறு அவிழாது.

சமையல்தான் வராது. சோறு என்ற பெயரில் அவன் இறக்குகிற பண்டம் மேலே குழைந்து நடுவில் நறுக்கென்று இருக்கும். குழம்பில் ஒன்று உப்பு இருக்காது, அல்லது உப்பு மட்டும்தான் இருக்கும்.

நான் செய்த காரியம்

புதன்கிழமை சாயங்காலமே லூயியிடம் போனேன். வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். “துணி பழசானா கெளம்பலாம்” என்றான். அது அப்போதுதான் கடையிலிருந்து வந்ததைப் போலப் பளபளவென்று நின்றது.

அப்படியானால் முறையை மாற்றலாமா என்றேன். வெள்ளிக்கிழமை நான் சமைக்கிறேன், சனிக்கிழமை மாணிக்கம் சமைக்கட்டும்.

 லூயிக்குப் புரிந்துவிட்டது. “என்னைக் கேக்காத. அவனக் கேளு.”

மாணிக்கம் முளைக்குச்சி சீவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாணிக்கம், வெள்ளிக்கெழம மொறைய எனக்குக் குடுக்கறியா?”

“ஏன்பா?”

நைனா வருகிறார் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. “உன் சோறு வேவறதே இல்லடா. அத்தினி பேரும் வவுத்தப் புடிச்சிக்கினு கெடக்கறாங்க” என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “வேவ வைக்கப் பழகறதுக்குத்தானே மொற வச்சிருக்காங்க? உனக்குக் குடுத்துட்டா நான் எப்பப் பழகறது?”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஆடு தின்ற மூலை

வியாழக்கிழமை முழுவதும் கூடாரத்தைப் பழசாக்குகிற வேலை நடந்தது. இது லேசான வேலையென்று நினைக்காதீர்கள். முகாமுக்குப் போகிறவர்கள் கூடாரத்தை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று கற்றுக்கொள்வார்கள். நாங்கள் அதை எப்படிப் பாழாக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

அடுப்பைக் காற்று வரும் பக்கம் வைத்துப் புகையைத் துணி மேல் ஏற்றினோம். பச்சைத் தழையைப் போட்டதில் புகை துணிக்குப் போகாமல் நேராக ரங்கசாமி கொட்டகைக்குப் போய்விட்டது. அவர் இருமிக்கொண்டே எங்கள் ஏழு தலைமுறையையும் வைதார். மாட்டு வண்டிகள் கிளப்பிய புழுதியும் தன்னால் ஆனதைச் செய்தது. யாருமில்லாத நேரத்தில் ஒரு வெள்ளாடு வந்து ஒரு மூலையைக் கடித்து மென்றுவிட்டது. அதைப் பார்த்து நாங்கள் குதித்த குதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆட்டுக்கு லூயி ஒரு வாழைப்பழம் கொடுத்தான்.

பிரெஞ்சுப் பக்கத்துச் சிப்பாய் ஒருவர் சிவப்புத் தொப்பியோடு வந்து விசாரித்தார். விஷயத்தைக் கேட்டதும் மீசைக்குள் சிரித்தார். “நம்ம பூமியில படுத்துத் தூங்கறதுக்கு எவன்டா கேக்கறது? தூங்குங்கடா” என்று சொல்லிவிட்டு, ரங்கசாமி காதில் விழும்படி இன்னொரு முறையும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானத்துக்குமேல் ரங்கசாமியே கல்லருகே வந்து நின்றார். பெஞ்சில் தனியாக உட்கார்ந்து அவருக்கும் போரடித்திருக்கும். “அந்தக் கவுற இன்னம் கொஞ்சம் இழுத்துக் கட்டுடா, மழை பேஞ்சா தண்ணி நிக்கும்” என்று மாணிக்கத்துக்கு யோசனை சொன்னார். மாணிக்கம் இழுத்துக் கட்டினான். “பழசாயிடிச்சாங்க?” என்று கேட்டான். “கிட்ட வந்துடிச்சி” என்றார் ரங்கசாமி.

கிட்ட வந்தால் போதுமா? எனக்கு வெள்ளிக்கிழமை அதைவிடக் கிட்ட வந்துகொண்டிருந்தது.

வண்டி

வெள்ளிக்கிழமை உச்சி வெயில். வழக்கம்போல அரைவேக்காட்டுச் சோறு. கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. கூடாரத்து நிழலில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மாணிக்கம் கரண்டியோடு பரிமாறிக்கொண்டு வந்தான். என் தட்டில் சோறு விழுந்தபோது மாட்டுச் சலங்கை கேட்டது.

எங்கள் வீட்டு மாடுகளின் சலங்கை எனக்குத் தெரியாதா?

நைனாவின் வில்வண்டி சாவடிக்கு வந்து நின்றது. ரங்கசாமி எழுந்து மூங்கிலைத் தூக்கினார். வண்டி கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, கூடாரத்துக்கு நேராக நின்றுவிட்டது. நைனா இறங்கவில்லை. என் நிஜாரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கரண்டி பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

“ஆரு சமைச்சது?”



“நான்தாங்க” என்றான் மாணிக்கம். “இன்னிக்கு என் மொற.”

“எந்தத் தெருடா நீ?”

“வில்லியனூர்ச் சேரிங்க. அப்பா மில்லுல இருக்காரு.” குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

நைனா அவனை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்து, “தட்டை வச்சிட்டு வண்டியில ஏறு” என்றார்.

இந்த இடத்தை நான் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை மேடையில்கூடச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். அப்போதெல்லாம் நான் “மாட்டேன் நைனா” என்று சொன்னதாகத்தான் கதை. அது சுத்தப் பொய். இந்த வயதில் எனக்கு எவன் தயவும் வேண்டாம், அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். எழுந்தேன். வண்டியை நோக்கி நடந்தேன்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மாணிக்கம் என் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சாலைக்கே வந்துவிட்டான். வண்டிக்கும் எனக்கும் நடுவில் நின்றான். நைனாவுக்குக் கை நீட்டினால் எட்டுகிற தூரம். வண்டியோட்டியின் கையில் சாட்டை இருந்தது. மாணிக்கம் அதைப் பார்க்கவே இல்லை. தட்டை என் முன்னால் நீட்டினான்.

“வேவலன்னு சொன்ன இல்ல? வேவலன்னா துப்பிட்டுப் போ, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். மாணிக்கம் வடிச்சதுன்னு போறியா, அத வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ. ரெண்டுல ஒண்ணு சொல்லு நடேசா. சும்மா போவாத.”

புதன்கிழமை அவன் சிரித்தபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் பொய்யை இரண்டு நாளாக அவன் கையில் வைத்துக்கொண்டிருந்தான். முறையையும் விட்டுக்கொடுக்கவில்லை, என்னையும் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குத் தைரியம் என்று பெயர் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

தட்டை வாங்கினேன். நடு ரோட்டில் நின்றபடியே பிசைந்து தின்றேன். நைனாவின் கண்ணை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டே தின்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டு தின்றேன். பாதி கீழே சிந்தியது.

“அப்ப அங்கியே இரு” என்றார் நைனா.  வண்டி வில்லியனூர்ப் பக்கம் போயிற்று.

சலங்கைச் சத்தம் தேய்ந்ததும் கூடாரத்து நிழலுக்குத் திரும்பி உட்கார்ந்தேன்.

“கொழம்பு ஊத்தட்டா?” என்றான் மாணிக்கம்.

“உப்பு ஜாஸ்திடா.”

“தெரியும். ஊத்தட்டா?”

“ஊத்து.”

பழைய சாமான்

சனிக்கிழமை காலையில் ரங்கசாமி மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். துணியைத் தூக்கி மோந்து பார்த்தார். ஆடு கடித்த மூலையை விரலால் தடவினார். “இத எந்தக் காலத்துல வாங்கினாங்களோ, ஆரு கண்டா! கந்தல்” என்று சொல்லி மூங்கிலைத் தூக்கினார். நாங்கள் தாண்டும்போது என்னை மட்டும் நிறுத்தி, “வூட்டுக்குப் போனா ஒத படுவடா” என்றார். “தெரியும்” என்றேன்.

மணப்பட்டில் இரண்டு நாள்தான் இருக்க முடிந்தது. கொண்டுபோன அரிசியில் பெரும்பாதியைச் சாவடியிலேயே தின்று தீர்த்துவிட்டோமே! கரைக்காரர்கள் மீன் கொடுத்தார்கள். மணலில் கையால் தோண்டியே நல்ல தண்ணீர் எடுக்கக் கற்றுக்கொண்டேன். கடல் காற்று அந்த நீலக் கூடாரத்தை இழு இழு என்று இழுத்தது. ஒரு கயிறுகூட அவிழவில்லை.

அந்த இரண்டு நாளும் மாணிக்கம் என்னிடம் சாவடிப் பேச்சை எடுக்கவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? அவன் பொங்கிப் போட்ட சோற்றைத் தின்றதற்கு அவன் எனக்கு நன்றி சொல்ல வேண்டுமா? சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் சங்கத்தைப் பற்றி நாலு வரி எழுதியதற்கே ஒரு வாசகர் என்னைத் தியாகி என்று பாராட்டிக் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, தயவுசெய்து அந்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பண்டசோழநல்லூருக்குப் போனேன். அம்மா வாசற்படியிலேயே மறித்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. உள்ளே நைனா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“கெணத்தடியில குளிச்சிட்டு, கோமியம் தெளிச்சிக்கினு வாடா கண்ணு” என்று அம்மா என் காதோடு சொன்னாள். “நைனா கேட்டா, ஆரு சமைச்சதுன்னு தெரியாம தின்னுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவுருக்கு நெசம் தெரியும், இருந்தாலும் ஊருக்குச் சொல்ல அந்த வார்த்தைக்குத்தான் காத்துக்கினு இருக்காரு. தெரியாம தின்னேன்னு சொல்லு, அத்தோட முடிஞ்சிது.”

நைனாவுக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

“தெரிஞ்சிதாம்மா தின்னேன்.”

ஊஞ்சல் ஆடுவது நின்றது. நைனா என் படிப்பை நிறுத்தவில்லை, அடிக்கவில்லை, வீட்டைவிட்டுத் துரத்தவும் இல்லை. அன்று மத்தியானம் அம்மா எனக்கு மாட்டுக் கொட்டகைத் தாழ்வாரத்தில் இலை போட்டாள். மறுநாளும் அங்கேதான். அதன்பிறகு நைனா பதினோரு வருஷம் இருந்தார். கடைசிவரை கூடத்துப் பந்தியில் அவரோடு எனக்கு இலை விழவில்லை. நானும் கேட்கவில்லை.